இரும்புக்கடைக்குப் போகும் சோக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் குமரி மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தபோது, தக்கலையில் எங்கள் தெருவைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டு, அதன் 12 வோல்ட் சுருளில் கார் பேட்டரியை இணைத்தார். மறுபக்கம் 230 வோல்ட் கிடைக்கும் என்று நம்பினார். சிறிது நேரத்தில் சுருள் கருகிப் புகைந்தது. மின்தூண்டல் பாடத்தின் சூத்திரங்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம் என்பதுதான் என்னை வருத்தியது.

சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது மட்டுமே, அம்மாற்றத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசை (வோல்ட்டில் அளக்கப்படும் மின்னழுத்தம்) அதில் தோன்றும்; டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுருளில் மின்னழுத்தம் எழுவதும் அப்போது மட்டுமே. பேட்டரியை இணைத்த கணத்தில் இருக்கும் அந்த எதிர்ப்பு, மின்னோட்டம் நிலைபெற்றதும் மறைந்துவிட, எஞ்சுவது செம்புக் கம்பியின் சிறு மின்தடையே. மாறுதிசை மின்னோட்டமோ நொடிக்கு 50 சுற்றுகள் மாறிக்கொண்டே இருப்பதால் எதிர்ப்பு ஓய்வதில்லை. இந்த எதிர்ப்பின் அளவை மறுப்பு என்கிறோம்; 1 ஹென்றி (தூண்டல் திறனின் அலகு) மின்தூண்டி, அதாவது சுருள், 50 ஹெர்ட்ஸில் 314 ஓம் மறுப்பைக் காட்டும். அதிர்வெண் இரட்டித்தால் மறுப்பும் இரட்டிக்கும். அதிர்வெண்ணே இல்லாத பேட்டரிக்கு மறுப்பும் இல்லை. காந்தப்புலத்தில் சேமித்த ஆற்றலைக் கால் சுற்று கழித்துத் திருப்பித் தந்துவிடுவதால், மின்தடையைப் போல இம்மறுப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை.

இதைக் கண்ணால் காண, இரும்பின் மேல் கம்பி சுற்றிய மின்தூண்டியான பழைய டியூப்லைட் சோக் ஒன்று போதும். எல்இடி விளக்குகள் வந்தபின் இச்சோக்குகள் செம்புக்காக இரும்புக்கடையில் எடைக்குப் போடப்படுகின்றன. பள்ளிகள் ஒன்றிரண்டையாவது ஆய்வகத்துக்கு எடுத்து வைக்குமாறு வேண்டுகிறேன். 12 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் சிறு பல்பு ஒன்றைச் சோக்குடன் தொடராக இணைத்து, முதலில் பேட்டரியிலும் பின்பு 12 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திலும் சோதித்தால், முன்னதில் ஒளிர்ந்த பல்பு பின்னதில் ஏறக்குறைய அணைந்தே கிடக்கும். பேட்டரியைத் துண்டிக்கும்போது மட்டும் கவனம் தேவை. நிலைபெற்ற மின்னோட்டம் திடீரென அறுபடுவதால் சோக்கின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழக்கூடும். டியூப்லைட்டை எரியத் தொடங்கச் செய்ததும் இதே எழுச்சிதான். ஆகவே வெற்றுக் கம்பியைக் கையில் பிடிக்காமல், சுவிட்ச் வைத்து, ஆசிரியர் உடனிருக்கவே மாணவர்கள் இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை.