நாலே கால் மணிக்கு எழுப்பியவருக்கும் மற்றவர்களுக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

ஏப்ரல் 30ஆம் தேதி முதல் சம்பளம் வந்தது. உம்மாவுக்கு அனுப்பியாயிற்று, திருவல்லிக்கேணி மேன்சன் ரூம் வாடகைப் பாக்கி கட்டியாயிற்று, காக்காவிடம் (அண்ணனிடம்) வாங்கிய கைமாற்றில் பாதி கொடுத்தாயிற்று. மற்ற பாக்கி நன்றி. அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும். நேரில் சொல்லப் போனால் பாதிப் பேர் "போடா, வேலையைப் பாரு" என்பார்கள். யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

காயல்பட்டினத்தில் பி.காம். முடித்து, ஊர்க் கடை ஒன்றில் ஒரு வருடம் கணக்கு எழுதிவிட்டு, 2025 பிப்ரவரி நடுவில் செந்தூர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினேன். எங்கள் ஊர்ப் பையன்கள் கொழும்பு, ஹாங்காங், மண்ணடி என்று சொந்தக்காரர் யாருடைய வியாபாரத்திலாவது போய் ஒட்டிக்கொள்வது வழக்கம். எனக்கு வியாபாரம் வராது. கணக்கு வரும்.

கணக்கு வேலை தேட அதைவிட மோசமான நேரம் கிடையாது. மார்ச் 31 வருடக் கணக்கு முடிக்கிற நாள். போன இடமெல்லாம் "மார்ச் முடியட்டும் தம்பி, ஏப்ரல்ல பார்க்கலாம்" என்றார்கள். அந்த வருடம் நோன்பும் மார்ச் 2ஆம் தேதி தொடங்கி மாதம் முழுக்க. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு நடக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே சாம்பார் வாசனை. அதையெல்லாம் சமாளித்துவிடலாம். போன் வராததுதான் தாங்கவில்லை.

முதல் வாரமே கெட்டது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சியில் பதிவுக் கட்டணம் என்று 2,500 ரூபாய் கட்டினேன். "கம்பெனி டெபாசிட்" என்று இன்னும் பத்தாயிரம் கேட்டார்கள். கட்டத்தான் கிளம்பினேன். மேன்சன் மேனேஜர் படிக்கட்டில் மறித்து, "சம்பளம் கொடுக்கறவன் உன்கிட்ட எதுக்குடா காசு கேக்கறான்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் பத்தாயிரம் தப்பியது. பிறகு இரண்டு மாத வாடகையை அவர் கேட்கவே இல்லை. நோட்டில் என் பெயருக்கு நேராக ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொண்டார். சார், அந்தப் புள்ளிகளை மறக்க மாட்டேன்.

அடுத்தது என் ரூம் அண்ணன். தேனிப் பக்கத்துக்காரர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் பார்க்கிற வேலை, இரவு ஷிஃப்ட். விடிகாலை நாலு மணிக்கு கேப்பில் வந்து இறங்குவார். நோன்பு மாதத்தில் திருவல்லிக்கேணியில் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, கடைகள் திறந்திருக்கும். நோன்பு தொடங்கிய இரண்டாம் நாளே, நான் கேட்காமல், இரண்டு பார்சல் வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு இரவுச் சாப்பாடு, இன்னொன்று எனக்கு சஹர். நாலே காலுக்கு என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டுவார். "எந்திரி தம்பி, டைமாச்சு." அவருடைய முருகன் படத்துக்குக் கீழே பேப்பர் விரித்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். நான் தொழுதுவிட்டுப் படுப்பேன், அவர் விபூதி பூசிக்கொண்டு படுப்பார்.

ஒரு நாள் நான் எழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அல்லாஹ்வோடு சண்டை. நாற்பது இடத்துக்கு மேல் ரெஸ்யூமே கொடுத்து ஒரு போன்கூட வரவில்லை. நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹுக்குப் போவதையும் இரண்டு நாளாக நிறுத்தியிருந்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னைக்கு வைக்கலண்ணே" என்றேன். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "வை, வைக்காமப் போ, அது உன் பாடு. நாப்பது ரூபா கொடுத்து வாங்கியாந்திருக்கேன். தின்னுட்டு சண்டை போடு" என்றார். எழுந்து தின்றேன். தின்ற பிறகு நோன்பு வைக்காமல் இருக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த நோன்பு அவருடைய நாற்பது ரூபாயில் நின்றது.

அன்று மாலைதான் ஜெராக்ஸ் கடை அக்கா. மேன்சன் தெரு முனையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான் கடை. இன்னும் பத்து காப்பி எடுக்கப் போயிருந்தேன். "வாட்ஸப்புல ஃபைல் அனுப்பறேன், உன் நம்பர் சொல்லு" என்றார். சொன்னேன். அடித்துக்கொண்டே திரையைப் பார்த்தவர் நிறுத்திவிட்டார்.

"தம்பி, கடைசில 1 சொல்ற. இதுல 7 இருக்கே?"

இருந்தது. நானே அடித்தது. மூன்று வாரத்துக்கு மேலாக நான் கொடுத்த காகிதம் ஒவ்வொன்றிலும் அந்த 7. கணக்கு வேலைக்கு யாரும் மெயில் போடுவதில்லை, போன்தான். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் என் இன்டர்வியூ அழைப்புகளுக்கெல்லாம் "ராங் நம்பர்" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் என் நன்றியும் மன்னிப்பும். கணக்கெழுதுகிறவன் தன் நம்பரையே தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பழைய காப்பிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாகப் பத்து காப்பிக்குக் காசு வாங்கவில்லை. அன்றிரவு தராவீஹுக்குப் போனேன். சண்டை போட்ட இடத்தில் கொஞ்சம் தலைகுனிந்துதான் நின்றேன்.

வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பரிமாறுகிறவர்கள் யாரென்று. சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள். பிரிவினையின்போது சிந்துவை விட்டு வந்த இந்துக் குடும்பங்களோடு தொடங்கிய அமைப்பு. மயிலாப்பூரில் சமைத்து எடுத்து வந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போடுகிறார்கள். சைவச் சாப்பாடுதான். முதல் நாள் தலையில் தொப்பியோடு சாதம் வைத்தவரிடம் "எந்த ஊர் பாய்?" என்று கேட்டு அசடு வழிந்தேன். 1795இல் இரும்பும் மரமும் சேர்க்காமல் கருங்கல்லில் கட்டிய பள்ளி அது. கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீக வரியை எழுதிய ராஜா மக்கன்லாலும் இந்துதான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். எங்கள் ஊர் நோன்புக் கஞ்சியான ஊற்றுக்கஞ்சிக்கு ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வரிசையில் உட்காரும்போது ஏக்கம் கொஞ்சம் மட்டுப்படும். உம்மா போனில் "நோன்பு திறந்தியா வாப்பா, என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் ஒரு நாளும் பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்தில் தினமும் வரும் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர் உண்டு. நான் டாலி என்ற கணக்கு சாப்ட்வேர் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஜிஎஸ்டி 2பி ஸ்டேட்மெண்டை (சப்ளையர்கள் காட்டிய பில்கள் மாதாமாதம் ஏறி வரும் பட்டியல்) கொள்முதலோடு ஒப்பிடுவது எப்படி என்று நான்கு மதியம் சொல்லிக்கொடுத்தார். பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்குப் பையன் பாதியில் நின்றுவிட்டான், போய்ப் பார் என்று அனுப்பியதும் அவர்தான்.

மார்ச் 24, மாலை நாலரை. முதலாளி படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிப்ரவரி கொள்முதல் நோட்டையும் 2பி பிரிண்ட் அவுட்டையும் தள்ளி, "7,560 ரூபா இடிக்குது. எங்கேன்னு சொல்லு" என்றார். ஒவ்வொரு பில்லாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 42,000 ரூபாய்க்கு ஒரு பைப் பில், 27ஆம் தேதி போட்டது. 18 சதவீதம் போட்டால் சரியாக 7,560. சப்ளையர் 11ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போடவில்லை, அதனால் 14ஆம் தேதி வந்த 2பியில் ஏறவில்லை. அடுத்த மாதம் வரும், அதுவரை அந்த வரியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் எடுக்கக் கூடாது என்றேன். தலையாட்டினார். அப்புறம்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபது.

"நோன்பா? சொல்லக் கூடாதா?"

பேரீச்சம்பழம் இல்லை. தண்ணீரும் இரண்டு மாரி பிஸ்கட்டும் வந்தது. தொழ மாடியில் சரக்கு ரூமைக் காட்டினார். பிவிசி எல்போ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று போனில் பார்த்துத் தொழுதேன்.

31ஆம் தேதி பெருநாள். அதுதான் ஊரில் இல்லாமல் எனக்கு முதல் பெருநாள். மறுநாள் ஏப்ரல் 1, வேலையில் சேர்ந்தேன். வாப்பாவிடம் சொன்னபோது "முட்டாள்கள் தினம்னு விளையாடுறியா?" என்றார்.

ரூம் அண்ணனிடம் மட்டும் நேரில் நன்றி சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் வேணாம். உங்கூர் கறிகஞ்சி எப்படி இருக்கும்னு காட்டு" என்றார். உம்மா மசாலா பொடித்து ஊர்க்காரர் ஒருவர் கையில் செந்தூரில் கொடுத்தனுப்பியிருக்கிறார், சனிக்கிழமை காலை கைக்கு வரும். மேனேஜர் அடுப்பு தருவதாகச் சொல்லிவிட்டார், ஜெராக்ஸ் அக்கா பாத்திரம் தருகிறார். அண்ணே, ஞாயிற்றுக்கிழமை யாருக்காகவும் ஷிஃப்ட் மாத்திக்காதீங்க.