கேம்பிரிட்ஜ் செல்லும் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

கணிதம் படிக்கக் கேம்பிரிட்ஜ் செல்லவிருக்கிறாய். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையை உனக்குச் சொல்லப் பலர் இருப்பார்கள். அங்கே பெண்களுக்கு நேர்ந்ததை நான் எழுதுகிறேன்.

பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரி 1869இலும், நியூனம் 1871இலும் தொடங்கின. 1881 முதல் பெண்களும் ஆண்கள் பட்டத்துக்காக எழுதிய அதே ‘டிரைபாஸ்’ இறுதித் தேர்வை உரிமையோடு எழுதினார்கள். தேறினால் சான்றிதழ் உண்டு, பட்டம் கிடையாது. 1890 ஜூன் மாதம் செனட் மண்டபத்தில் கணிதத் தேர்வின் முடிவுகளை வாசித்தபோது, முதலிடம் பெற்ற ‘சீனியர் ராங்லர்’ தொடங்கி ஆண்களின் பட்டியல் முழுவதையும் முடித்த பிறகே பெண்களின் பெயர்களுக்கு வந்தார்கள். நியூனம் மாணவி ஃபிலிப்பா ஃபாசெட் பெற்ற இடம், ‘சீனியர் ராங்லருக்கு மேல்’. அவருக்கும் பட்டம் தரவில்லை.

ஆகவே, தகுதி ஒரு தடையாக இருந்ததே இல்லை. பட்டம் பெற்று எம்.ஏ. ஆனவர் செனட்டில் வாக்களிக்கலாம். பல்கலைக்கழகத்தை நடத்துவதில் அவருக்கும் பங்கு வந்துவிடும். பெண்கள் படிப்பதைச் சகித்துக்கொண்டவர்களால்கூட இதைச் சகிக்க முடியவில்லை. 1897இல் பெண்களுக்கும் பட்டம் தர வேண்டும் என்ற கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது, வெளியூர்களில் இருந்த பழைய மாணவர்கள் ரயிலேறி வந்து அதைத் தோற்கடித்தார்கள். செனட் மண்டபத்துக்கு எதிரே, சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மை தொங்கியது. 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் தந்துவிட்ட பிறகும், மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் மீண்டும் மறுத்தது. வென்ற களிப்பில் மாணவர் கூட்டமொன்று தள்ளுவண்டியைக் கொண்டு மோதி நியூனம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளைச் சேதப்படுத்தியது. வாக்குரிமை இல்லாத பெயரளவுப் பட்டம் மட்டும் பெண்களுக்கு மிஞ்சியது.

இதில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது டோரதி காரடின் நிலைமைதான். தொல்லியலாளரான அவர் 1939இல் அங்கே முதல் பெண் பேராசிரியரானார். துறைக்கே தலைமை தாங்கிய அவர், தாம் பாடம் சொல்லிக்கொடுத்த பையன்கள் பட்டதாரிகளாகிப் பெறக்கூடிய வாக்குரிமையைத் தாம் பெறாமலே இருந்தார். 1948இல்தான் பெண்களுக்கு முழுப் பட்டமும் உறுப்புரிமையும் கிடைத்தன.

கல்லூரிகள் இன்னும் நிதானமாக வந்தன. ஆண்கள் கல்லூரிகளில் முதல் மூன்று 1972இல் பெண்களைச் சேர்த்தன. கடைசியாக 1988இல் மாக்டலீன் சேர்த்தபோது மாணவர்கள் சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டித் துக்கம் அனுசரித்தார்கள். அவர்களுக்கு இப்போது உன் பேராசிரியர்களின் வயதுதான் இருக்கும்.

அன்புடன்,
மாமா