மழைமானிக்கு ஒரு கட்டளை

காரைக்குடி
கார்த்திகை 12

அன்புள்ள மாப்ளே,

இங்க எல்லாரும் நலம். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? ஆடியில நீ போட்ட கடிதத்துக்கு இப்பத்தான் பதில் எழுதுறேன், கோவிச்சுக்காதே. பெரிய வீட்டைப் பிரிச்சாச்சு. பதினொரு பங்கு, பதினொரு மனசு. இனி ஒண்ணும் பேசிப் பிரயோசனமில்லைன்னு நானும் கையெழுத்துப் போட்டேன். முகப்புத் தூணெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருச்சு. நீ வெண்ணெய்த் தாழியோட வழுக்கி விழுந்தியே, அந்த வளவு முற்றத்துல இப்ப நெருஞ்சி முளைச்சுக் கிடக்கு.

என் பங்குப் பணம் வந்திருக்கு. அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மாணவி ஒருத்தியைப் பத்திச் சொன்னேன்ல, புதுவயல் பொண்ணு? ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டா. வழிகாட்டியோட திட்டம் மூணு வருஷம். அது முடிஞ்சதும் உதவித்தொகையும் நின்னுபோச்சு. ஜே.ஆர்.எஃப்.ங்கிற அரசு ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினவங்களுக்கு மாசம் 37,000 ரூபாய் வருது. நெட்டுங்கிற தகுதித் தேர்வுல இவ தேறினவதான், ஆனா ஜே.ஆர்.எஃப். ஒரு சில மார்க்குல போச்சு. பல்கலைக்கழகத்துல மாத்தி மாத்தி அலைய விட்டாங்களே ஒழிய, காசு வரலை. இப்ப ஒரு நகைக்கடையில கணக்கு எழுதுறா. அங்கே அவளைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அவ எடுத்துக்கிட்டது நம்ம ஊர் மழை மாப்ளே. 2015-ல எல்நினோ, அதாவது பசிபிக் கடல் தண்ணி வழக்கத்தைவிடச் சூடாகுறது; அந்த வருஷம் சென்னை மூழ்குச்சு. மறு வருஷமே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைஞ்சுபோச்சு. எல்நினோ வந்தா தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சுணங்கும், நம்ம ஐப்பசி மழை பெரும்பாலும் கூடும். ஆனா தேவகோட்டையில கொட்டுற மழை கானாடுகாத்தான்ல தூறாமலே போகுதே, அது ஏன்? அதைத்தான் அவ தேடினா.

"மேலதான் செயற்கைக்கோள் பார்த்துக்கிட்டு இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு நீ கேப்பே. 2024 பிப்ரவரியில இன்சாட்-3டிஎஸ்ங்கிற வானிலைச் செயற்கைக்கோள் மேல போச்சு, நல்லதுதான். ஆனா 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்து அது மேகத்தோட தலையில எவ்வளவு குளிர்ச்சின்னுதான் பார்க்குது. அதை வச்சு மழையைக் கணிக்கிறாங்க. உச்சி குளிர்ந்த மேகமெல்லாம் பெய்யுறதில்லை, தாழ்வான மேகமும் சில நாள் ஊரையே நனைச்சிரும். கணிச்சது சரியான்னு பார்க்கணும்னா தரையில ஒரு மழைமானி இருக்கணும், தினம் காலையில 8.30-க்கு ஒரு ஆள் போய்ப் பார்த்து எழுதணும். நம்ம கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல மழைமானி வச்சு, புள்ளைங்களையே அளக்கச் சொல்லி, அந்தக் கணக்கைச் செயற்கைக்கோள் கணக்கோட ஒப்பிடணும்னு அவ திட்டம் போட்டிருந்தா. சென்னையிலயோ பெங்களூர்லயோ உக்காந்து இதைச் செய்ய முடியாது. இங்க இருக்கிற கல்லூரியாலதான் முடியும்.

அப்பத்தா மழைநாள்ல வளவுல அண்டாவை வச்சுப் பிடிப்பாங்களே, முதத் தண்ணியைக் கூரை அழுக்கோட விட்டுட்டு? ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெய்ஞ்சா ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரைக்கு 50 மில்லிமீட்டர் மழைன்னா பத்தாயிரம் லிட்டர். பிரிக்கிறதுக்கு முந்தின நாள் அந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டே இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டு நின்னேன்.

ஆக, முடிவு பண்ணிட்டேன். வீட்டுக் காசுல ஒரு அறக்கட்டளை. ஆராய்ச்சி மாணவர் ஒருத்தருக்கு மாச உதவித்தொகை, பள்ளிக்கூடங்களுக்கு மழைமானி. ஒரு ஊரோட தட்பவெப்பம்னு சொல்லவே முப்பது வருஷக் கணக்கு வேணும். மூணு வருஷத் திட்டத்துக்கு அது எங்கே எட்டும்? முதல் பணத்தைத் தொடாம வட்டியில நடக்கிற காரியம்தான் முப்பது வருஷம் நிக்கும். கோயில்ல விளக்கு எரியறதுக்குன்னே காசு ஒதுக்கிக் கட்டளை வச்சவங்க நம்ம ஆளுங்க; அந்த வழி நமக்குப் புதுசா? வள்ளல் அழகப்பச் செட்டியார் நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்தாரு. 1953-ல திறந்தாங்க, இன்னிக்கும் அங்க ஆராய்ச்சி நடக்குது. நம்மகிட்ட இருக்கிறது அதுல ஒரு துளி. ஆனா துளியை அளக்கத்தானே கேக்குறேன்!

மகன் "வீடு கட்டலாமே"ங்கறான். உன் மருமக ஒண்ணும் சொல்லலை, ஆனா பாசிமணிப் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடி வச்சா. அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

நீ பேங்குல இருபது வருஷம் அறக்கட்டளைக் கணக்குப் பார்த்தவன். ரெண்டு விஷயம் சொல்லு. வட்டியில ஒரு பங்கைத் திரும்ப முதல் பணத்தோடயே சேர்க்கணும்னு பத்திரத்துல எழுதலாமா? விலைவாசி ஏறுனா இன்னைக்குப் போதுற தொகை பத்து வருஷத்துல சோத்துக்கே பத்தாது. ரெண்டாவது, காசு எந்தச் செலவுலயும் கலந்துராம இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான்னு எப்படிக் கட்டுறது?

தை பிறந்ததும் பத்திரம் பதியணும். அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் வாய் திறக்கலை. உன் பதில் வந்ததும் கடைக்குப் போய்ச் சொல்றேன். சீக்கிரம் எழுது.

உன் மச்சான்