தம்பி எதைப் படிக்கட்டும்?

அன்பு மகள் கலாவுக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் கோபம் வந்துடுது, நடுவுல அம்மா போனைப் பிடுங்கிட்டு "சாப்பிட்டியா"ன்னு ஆரம்பிச்சுடுறா. அதனால எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

தம்பியைப் பியூசி சயின்ஸ்ல, அதாவது பிளஸ் டூவுல சேர்த்து, இன்ஜினியரிங் சீட்டுக்கான சிஇடி நுழைவுத் தேர்வு கோச்சிங் அனுப்பி, பி.இ. படிக்க வைக்கணும், லோனுக்கு நானே கையெழுத்துப் போடுறேன்னு சொல்ற. அவனுக்கோ ராஜாஜிநகர் ஜிடிடிசி அரசுப் பயிற்சி மையத்துல டூல் அண்ட் டை மேக்கிங், அதான் உலோகத்தை வெட்டி வடிவம் கொடுக்கிற அச்சுக் கருவி செய்யிற டிப்ளமோ சேரணும்னு ஆசை. எனக்கும் அதுதான் சரின்னு படுது. "நீங்க பட்ட கஷ்டத்தை அவனும் படணுமா"ன்னு கேட்டியே, அதுக்குத்தான் இந்தப் பதில்.

என் டூல் வேலையில கஷ்டம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். மெஷின் சூட்டைத் தணிக்க ஊத்துற கூலன்ட் பட்டுப் பட்டு விரல் இடுக்குல தோல் உரியுது. நாள் பூரா நின்ன வேலை, ராத்திரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். அதைவிட இன்னொண்ணு இருக்கு. நான் கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுத்த பி.இ. பையன்தான் இப்போ என் லீவ் ஃபார்ம்ல கையெழுத்துப் போடுறான். நல்ல பையன், இன்னமும் அண்ணான்னுதான் கூப்பிடுறான். ஆனா டிசைன் ஹெட் நாற்காலிக்கு பி.இ. வேணும்னு கம்பெனி எழுதி வெச்சிருக்கு. பொதுத்துறை கம்பெனியில ஐடிஐ முடிச்சவன் தொழிலாளியாத்தான் சேர முடியும், பி.இ. முடிச்சவன் ஆபீசராவே உள்ள போவான். டிகிரிக்கு இருக்கிற இந்த மதிப்பை நான் மறுக்கலை. உன் கம்பெனியும் பி.இ. மார்க்கைப் பார்த்துத்தானே உன்னை இன்டர்வியூவுக்கே கூப்பிட்டுச்சு?

தம்பி விஷயம் வேற. போன மாசம் பீன்யாவுல எங்க ஷாப்ல தகட்டுலேர்ந்து பீஸ் வெட்டி எடுக்கிற ப்ளாங்கிங் டூல் ஒண்ணு தகராறு பண்ணிச்சு. 1 மி.மீ. ஷீட், வெட்டி விழுற பீஸோட ஓரத்துல பர், அதாவது பிசிறு வருது. மேலேர்ந்து இறங்கி வெட்டுற பஞ்ச் மழுங்கிடுச்சு, கிரைண்ட் பண்ணிடலாம்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நான் ஒரு பீஸைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி அதை டியூப்லைட்டுக்குக் கீழ கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு பக்கம்தானேப்பா பிசிறு இருக்கு? மழுங்கியிருந்தா சுத்தி வந்திருக்கணுமே"ன்னான்.

அதேதான். பஞ்சுக்கும் அது இறங்குற டைக்கும் நடுவுல, இந்தக் கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 0.05 மி.மீ. போல இடைவெளி விடுவோம். பஞ்ச் துளி நகர்ந்தாலும் ஒரு பக்கம் நெருங்கும், எதிர்ப்பக்கம் அகலும். அகன்ற பக்கத்துல பர் எழும்பும், வெட்டுல பளபளன்னு தெரியிற பட்டையும் அங்க குறுகிடும். கிரைண்ட் பண்ணியிருந்தா பஞ்சோட உயரம் குறைஞ்சிருக்கும், பர் அப்படியே நின்னிருக்கும். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரலை. இந்தப் பையனைப் பிடிச்சு ரெண்டு வருஷம் சிஇடிக்காக நாலு விடையில ஒண்ணை டிக் அடிக்கப் பழக்கணுமா?

கையில தொழில் இருந்தா எங்கேயும் பிழைச்சுக்கலாம்னு நம்ம சொந்தக்காரங்க சொல்ற பேச்சையும் நான் முழுசா நம்பலை. உங்க தாத்தாவை எடுத்துக்கோ. கேஜிஎஃப், அதான் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல பாறை சரியாம மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பாறை முனகுற சத்தத்தை வெச்சே எங்க முட்டு வேணும்னு சொல்லுவார்னு அவர் கூட்டாளிங்க சொல்லி நானே கேட்டிருக்கேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினாங்க. அந்தத் திறமைக்கு ஒரு துண்டுச் சான்றிதழ் கிடையாது, இருந்திருந்தாலும் பெங்களூர்ல சுரங்கம் ஏது? கேஜிஎஃப்லேர்ந்து வர்ற மாரிக்குப்பம் ரயில் பிடிச்சு வந்து வாட்ச்மேன் வேலைதான் பார்த்தார். ஐடிஐ ஃபிட்டர் சான்றிதழ் வெச்சிருந்த பசங்க அதே ரயில்ல வந்து அவரைவிட நல்ல வேலையில சேர்ந்தாங்க.

அதனாலதான் யாரோ ஒரு வொர்க்‌ஷாப்ல எடுபிடியா விட்டுக் கத்துக்கட்டும்னு நான் சொல்லலை. ஜிடிடிசி 1972ல டென்மார்க் உதவியோட ஆரம்பிச்ச அரசு நிறுவனம். மூணு வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் கம்பெனியில பயிற்சி. முடிச்சதும் டிப்ளமோ படிச்சவங்களுக்கான டிசிஇடி நுழைவுத் தேர்வு எழுதினா நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேரலாம். இருபது வயசுல அவனுக்கே டிகிரி வேணும்னு தோணினா கதவு திறந்துதான் இருக்கு. பி.இ. முடிச்சவன் திரும்பி வந்து ஷாப்ல அரம் பிடிக்கிறதை நீ எங்கேயாவது பார்த்திருக்கியா? அவனுக்கும் மனசு வராது, கம்பெனியும் எடுக்காது. உன்கூட மெக்கானிக்கல் படிச்ச பசங்க எத்தனை பேர் இன்னைக்கு மெக்கானிக்கல் வேலையில இருக்காங்கன்னு எண்ணிப் பாரு.

லோனைப் பத்தியும் ஒரு வார்த்தை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேக்க மாட்டாங்கதான். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்சாப் போதும்னும் சொல்லுவாங்க. வட்டி முதல் நாள்லேர்ந்தே ஓடும். உன் லோனே இன்னும் தீரலை, அதுக்குள்ள இன்னொண்ணுல உன் பேர் ஏறணுமா?

டிப்ளமோ படிச்சவனுக்கு யார் பொண்ணு கொடுப்பாங்கன்னு அம்மா கேக்குறா. பையனுக்கு வயசு பதினாறு. அந்தக் கவலையை இப்பவே ஆரம்பிக்க உங்க அம்மாவாலதான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவன்கிட்டயே பேசு. நீ நினைக்கிறதை ஒண்ணு விடாம சொல்லு, நான் குறுக்கே பேச மாட்டேன். எல்லாம் கேட்டுட்டு அவன் பியூசின்னு சொன்னா நானே போய் வரிசையில நின்னு சேர்த்துவிடுறேன். அதுவரைக்கும் பேங்க்ல எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே.

அன்புடன்,
அப்பா
தாசரஹள்ளி, பெங்களூரு