இருபத்தைந்து வயதானதும் அவர்கள் எங்கே போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பே இல்லாத இளம்பெண்களின் தொகை உலக அளவில் 2100 வரை எப்படி மாறும் என்ற கணிப்பைப் படத்துடன் விளக்கிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, நூற்றாண்டின் முடிவில் அடியோடு ஒட்டி நிற்கும் அந்தக் கோட்டைப் பார்த்துக் கட்டுரையாளர் மனநிறைவு அடைந்திருந்தார். வயது வந்த பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தி வந்த எனக்கு அந்த மனநிறைவு ஏற்படவில்லை. அதற்கான காரணத்தைத் தங்கள் வாசகர்களும் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் படம் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு பெண்ணுக்கு 25 வயது நிறைந்துவிட்டால் அந்தக் கணக்கிலிருந்து அவள் பெயர் நீங்கிவிடும். கோட்டைக் கீழே இறக்குவதில், புதிதாகப் பள்ளி சேர்ந்த சிறுமிகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, படிக்காமலேயே வயதேறி வெளியே போன இந்தப் பெண்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. முன்னவர்களின் வரவைப் பார்த்து மகிழும் நாம், பின்னவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை.

இத்தகைய கணிப்புகளில் பெரும்பாலானவை ஆஸ்திரியாவில் வியன்னாவை மையமாகக் கொண்டு வொல்ஃப்காங் லூட்ஸ், சமீர் கே.சி. முதலான மக்கள்தொகை ஆய்வாளர்கள் செய்துவரும் வேலையிலிருந்து வருபவை. மக்களை வயது, பாலினம் என்று மட்டும் பிரிக்காமல் கல்வி நிலை வாரியாகவும் பிரித்து, ஒவ்வோர் ஐந்தாண்டு வயதுப் பிரிவையும் அடுத்த ஐந்தாண்டுக்கு நகர்த்திக்கொண்டே போவதுதான் அவர்கள் முறை. இளமையில் அமைந்த கல்வி நிலை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மாறாது என்பதே அந்த முறைக்கு அடித்தளம். ஆகவே 2020இல் 20 முதல் 24 வயதுக்குள் இருந்து, பள்ளிப் படிப்பு இல்லாதவர் என்று குறிக்கப்பட்ட பெண், 2060இல் உயிரோடு இருந்தால் 60 முதல் 64 வயதுப் பிரிவில், அதே குறிப்போடுதான் இருப்பார். தென்கொரியாவின் வயதுக் கோபுரத்தை, அதாவது மக்கள்தொகையை வயதுவாரியாக அடுக்கிக் காட்டும் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: இளம்பெண்கள் உலகிலேயே மிக அதிகம் படித்தவர்களில் சேர்ந்துவிட்ட பிறகும், போர்க்காலத்துக்கு முன் பிறந்த பாட்டிமாரின் குறைந்த படிப்பு அந்தக் கோபுரத்தின் உச்சியில் அப்படியே தங்கியிருந்தது.

மற்றொன்று, அந்தச் சரிவு இப்படித்தான் நடக்கும் என்று யாரும் உறுதி கூறவில்லை. முதலில் பருவநிலை மாற்ற ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்ட ஐந்து எதிர்காலப் பாதைகளில் ஏதோ ஒன்றைக் கொண்டுதான் இந்தக் கணிப்பு வரையப்படுகிறது. கல்வி இதுவரை பரவிய வேகத்திலேயே இனியும் பரவும் என்று கொண்டால் ஒரு கோடு வரும். சேர்க்கை விகிதம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று கொண்டால் வேறு கோடு வரும். நைஜர், சாட், மாலி போல, பிறப்பு மிகுந்தும் பள்ளிகள் குறைந்தும் உள்ள நாடுகளில் விகிதம் மாறாமல் நின்றால் படிக்காத சிறுமிகளின் தொகை பெருகவே செய்யும். எந்தப் பாதை என்பதைத் தங்கள் படம் குறிப்பிடவில்லை.

மேலும், 2040இல் 15 முதல் 24 வயதுக்குள் இருக்கப்போகிற பெண்கள் எல்லாரும் 2015க்கும் 2025க்கும் இடையே பிறந்தவர்கள். அந்த ஆண்டுக்கான எண்ணைத் தீர்மானிக்கப்போவது, இப்போது முதல் வகுப்பில் யாரைச் சேர்க்கிறோம் என்பதுதான்.

"பள்ளிப் படிப்பு இல்லாதவர்" என்ற சொல்லின் எல்லையையும் விளக்கியிருக்கலாம். முதல் வகுப்பைக்கூட முடிக்காதவர்களே பொதுவாக அதில் அடங்குவார்கள். ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தடை செய்யப்பட்டுள்ள சிறுமிகள் இந்தக் கோட்டில் வரவே மாட்டார்கள். பெண்கல்விக்கு இவ்வளவு பெரிய அநீதி நடந்துகொண்டிருக்கையில் படத்தில் அதன் சுவடே தெரியாது.

2000க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியேனில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2000இல் செனகல் நாட்டின் டக்காரில் கெடு 2015க்கு நீட்டிக்கப்பட்டது; 2015இல் அது 2030 ஆனது. 1990இல் ஆறு வயதாயிருந்த சிறுமிக்கு 2030இல் 46 வயது. ஒவ்வொரு கெடுவும் தள்ளிப்போகும்போது அவளும் தொடக்கக் கல்வி இலக்குக்கு அப்பாற்பட்ட வயதுக்குத் தள்ளப்பட்டாள். உலகில் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்ற நிலை பல பத்தாண்டுகளாக அசையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

என் வகுப்புக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்லைங்க" என்றுதான் முதல் நாள் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பிறர் ஏளனமாகச் சொல்லிச் சொல்லி, அவரே ஏற்றுக்கொண்டுவிட்ட வாக்கியம் அது. பேரக்குழந்தையின் காய்ச்சல் மருந்தும் இருமல் மருந்தும் ஒரே அளவு, ஒரே நிறப் புட்டிகளில் இருந்ததால், ஒன்றின் கழுத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். ஒருநாள் நூல் அவிழ்ந்துவிட்டது. இரண்டு புட்டிகளையும் வகுப்புக்கே கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இதுலே எந்த எழுத்து மாறியிருக்குன்னு மட்டும் காட்டுங்க, போதும்" என்றார். பெயர் எழுதக் கற்பதற்கு முன்பே அவர் கற்றுக்கொண்டவை அந்த நான்கைந்து எழுத்துகள்தான். 1970க்கும் 2009க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பில் ஏற்பட்ட குறைவில் ஏறத்தாழப் பாதிக்குப் பெண்களின் கல்வி உயர்ந்ததே காரணம் என்று 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டதைப் படித்தபோது, எனக்கு அந்த இரண்டு புட்டிகள்தான் நினைவுக்கு வந்தன.

அவர் வந்தபோது 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாங்கள் வெளியிட்ட கோட்டிலிருந்து எப்போதோ நீங்கிவிட்டவர்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கணிப்பை வெளியிடும்போது, எந்தப் பாதையைக் கொண்டு வரைந்தது என்பதைப் படத்தின் அடியிலேயே குறிப்பிடுங்கள். 25 வயதுக்கு மேற்பட்ட, பள்ளிப் படிப்பில்லாத பெண்களின் தொகையைக் காட்டும் இன்னொரு படத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் முதல் படத்தின் அளவைக் குறைத்தாவது அதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி