பிரஷரைக் கூட்டச் சொல்லாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் அழகாபுரத்தில் ஒரு வீட்டில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் கழுவும் வேலை. எங்கள் பையன் தண்ணீரைப் பிரஷரில் பீய்ச்சிக் கழுவும் மிஷினைத் தொடவே இல்லை. முதுகில் மருந்தடிக்கும் டேங்கை மாட்டிக்கொண்டு சுவரை நனைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, தக்காளிச் செடிக்கு மருந்தடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க? இதுக்கா அவ்வளவு பெரிய மிஷினை ஏத்திட்டு வந்தீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டில் இதைக் கேட்கிறார்கள். ஏணியில் நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவிடுகிறோம்.

சுவரில் மழைத்தண்ணீர் வழிந்த தடத்திலேயே கறுப்பாகக் கோடு இறங்குகிறதே, அதை எல்லாரும் அழுக்கு என்கிறார்கள். பெரும்பாலும் அது அழுக்கில்லை, பாசி. உயிருள்ளது. ஈரமாக இருக்கும்போது பச்சை, காய்ந்தால் கறுப்பு. தண்ணீரை வேகமாக அடித்தால் மேலே இருப்பது போய்விடும், சுவர் பளிச்சென்று ஆகிவிடும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிடுவீர்கள். ஆனால் பூச்சின் நுண்ணிய ஓட்டைகளில் மிச்சமிருப்பது அடுத்த மழைக்கே தளிர்க்கும். அதனால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். நாங்கள் அடிக்கும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், அதாவது துணி வெளுக்கும் ப்ளீச் வகை. கேனில் 10 முதல் 12 சதவீதம் வரை இருப்பதைத் தண்ணீர் கலந்து சுவருக்கு 1, 2 சதவீதமாக்கி, கொஞ்சம் சோப்பும் சேர்த்து அடிப்போம். பத்துப் பதினைந்து நிமிடம் ஈரம் காயாமல் ஊற வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் பதினோரு மணிக்கு அடித்தால் சுவரைத் தொட்டதும் காய்ந்துவிடும், ஒரு பிரயோஜனமும் இல்லை. காலை ஆறரைக்கே வந்து காலிங் பெல் அடிப்பதற்கு அதுதான் காரணம். தூக்கம் கெடுவதற்கு மன்னிக்கவும்.

சரி, பிரஷர் எதற்கு? தரைக்கு. அதிலும் அளவு இருக்கிறது. அழுத்தத்தை பி.எஸ்.ஐ., பார் என்ற அலகுகளில் சொல்வார்கள். கார் டயரில் இருக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. எங்கள் மிஷின் 150 பார், அதாவது இரண்டாயிரம் பி.எஸ்.ஐ.க்கும் மேல். இதில் சிவப்பு நாசில் (தண்ணீர் வெளியேறும் முனை) போட்டால் தண்ணீர் ஊசி மாதிரி ஒரே கோடாக வரும். மரக்கதவில் பெயரே எழுதலாம். மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40 என்று விசிறி விரிய விரிய வேகம் பரவிக் குறையும். நாசிலைத் தரையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பதற்கும் நாலு விரற்கடையில் பிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். தொழில் தொடங்கிய வருஷம் ஒரு வீட்டில் கார் நிறுத்தும் சிமெண்ட் தரை. கறை போகவில்லையே என்று சிவப்பு நாசிலைப் போட்டு, நெருக்கிப் பிடித்து அடித்தோம். ஈரமாக இருந்தவரை அருமையாகத்தான் இருந்தது. மத்தியானம் காய்ந்ததும் பார்த்தால் தரை முழுக்க வரிக்குதிரை. மேலே இழுத்துவிட்டிருந்த சிமெண்ட் பால் பூச்சு கோடு கோடாகப் பெயர்ந்து உள்ளே இருந்த மணல் தெரிந்தது. பூச்சு போன இடம் சொரசொரப்பாகிவிடும். பாசிக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. எங்கள் செலவிலேயே கொத்தனாரை வைத்து மறுபடியும் பூசிக் கொடுத்தோம். அன்றிலிருந்து சிவப்பு நாசில் டப்பாவிலேயே கிடக்கிறது. தரைக்கு இப்போது வட்டத் தட்டு மாதிரி ஒன்றை மாட்டித் தள்ளுகிறோம். உள்ளே இரண்டு நாசில் சுழலும், தூரம் மாறாது, கோடும் விழாது.

பேவர் பிளாக் பதித்தவர்களுக்கு ஒரு விஷயம். கழுவும்போது கல்லுக்கு நடுவில் இருக்கும் மணலும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். காய்ந்த பிறகு நைஸ் மணலைக் கொட்டிப் பெருக்கி இடுக்கை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கல் ஆட ஆரம்பிக்கும். அந்த மணலுக்குத்தான் பில்லில் தனியாக ஒரு வரி போடுகிறோம்.

அடுத்து தண்ணீர். எங்கள் மிஷின் நிமிடத்துக்கு 15 லிட்டர் குடிக்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் தாங்கும். மேட்டூர் தண்ணீரை இதற்குச் செலவழிக்க எங்களுக்கும் மனசு வராது. போர் தண்ணீரே போதும். ஆனால் போரில் வருவது உப்புத் தண்ணீராக இருந்தால், ஜன்னல் கண்ணாடியிலும் கறுப்பு கிரானைட்டிலும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். அந்த இடங்களை உடனுக்குடன் துடைத்துக்கொண்டே வருவோம். "கழுவ வந்தவங்க ஏன் துணியும் கையுமா நிக்கிறாங்க" என்று நினைக்க வேண்டாம். 2003-க்குப் பிறகு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் பல வீடுகளில் மாடித் தண்ணீர் நேராகக் குழிக்குப் போகிறது. மருந்துத் தண்ணீர் அதில் இறங்கக் கூடாது. அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிட்டால் கழற்றித் திருப்பிவிடுவோம். செடிகளை முதலிலும் கடைசியிலும் நல்ல தண்ணீரால் நனைப்பதும் எங்கள் வேலைதான்.

ஏற்காட்டு வாடிக்கையாளர்கள் இரண்டு விஷயத்தில் கோபித்துக்கொள்கிறார்கள்: ரேட் அதிகம், வேலை இரண்டு நாள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் டீசல் ஒரு பக்கம் இருக்கட்டும். மேலே பாசி மட்டும் கிடையாது. கல் சுவரிலும் படிக்கட்டிலும் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு அது பங்காளி. கல்லுக்குள் வேர் மாதிரி இறங்கிப் பிடித்திருக்கும். பிரஷரில் அடித்தால் கல்லையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். மருந்தடித்துவிட்டு, அது செத்துக் காய ஒரு வாரமாவது விட்டு, அப்புறம் வந்து லேசாகக் கழுவினால் தானாக உதிரும். குளிரில் மருந்தும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. பனிமூட்டம் இருப்பதால் காயாமல் இருப்பது ஒன்றுதான் லாபம். காப்பி காயப்போடும் களத்துக்கு மட்டும் மருந்தே கிடையாது, வெறும் தண்ணீரும் வட்டத் தட்டும்தான். பழம் பறிக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள்.

சில வேலைகளை எடுக்க மாட்டோம். பழைய பங்களாக்களின் சீமை ஓட்டுக் கூரையில் ஏறிப் பிரஷர் அடிக்க மாட்டோம்; ஓடு உடையும், இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் அப்படித்தான். சோலார் பேனலுக்குப் பிரஷரே ஆகாது. காலையில் மிருதுவான பிரஷும் தண்ணீரும் போதும், அதை நீங்களே செய்துகொள்ளலாம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது உள்ளே இருக்கும் ஈரம் வெளியே தள்ளுவது. நாங்கள் தண்ணீர் அடித்தால் இன்னும் கூடத்தான் செய்யும். முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு ஒழுக்கைப் பாருங்கள். புது கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆகட்டும்.

ஒர்க்‌ஷாப், ஹோட்டல் பின்கட்டு வைத்திருப்பவர்களுக்கு: எண்ணெய் புதிதாகக் கொட்டினால் உடனே மரத்தூளைப் போட்டு உறிஞ்ச விட்டுக் கூட்டி எடுங்கள். நாங்கள் வரும்வரை அப்படியே விட்டால் சிமெண்ட் குடித்துவிடும். பழைய கறையை மங்க வைக்கலாம். முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம்.

இனி கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. நாங்கள் மருந்தடித்த இடத்தில், "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வரட்டும்" என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு கடையில் பாசத்தோடு ஒருவர் அப்படி உதவி செய்து, எல்லாரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினோம். அதேபோல் "ஒரு நிமிஷம் குடுங்க, நான் அடிச்சுப் பார்க்கிறேன்" என்று தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கேட்டால் யாருக்கும் தர மாட்டோம். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய காயம் அது.

மார்கழி கடைசி வாரம் மொத்தச் சேலமும் பொங்கலுக்குக் கழுவக் கூப்பிடுகிறது. ஆடிப் பண்டிகைக்கு முந்தின வாரமும் அப்படித்தான், கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி இருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கேட்கும். முடிந்தால் ஒரு மாதம் முன்னாடி சொல்லுங்கள். வரும் நாளில் வண்டியை வெளியே நிறுத்தி, கொடியில் இருக்கும் துணியை எடுத்துவிட்டு, நாயைக் கட்டிப் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, கரண்ட் எடுக்கும் இடம் எங்கே என்று மட்டும் காட்டினால் போதும். டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து, சேலம்