ஷீட் பிலிம் கேமராவா? முதலில் காற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிம் மோகம் திரும்பியிருப்பதாக ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு இங்கே மண்டபம் பக்கம் சில தம்பிகள் நேராக 4x5 அங்குல ஷீட் பிலிம் கேமராவுக்கே, அதாவது சுருளாக இல்லாமல் படத்துக்கு ஒரு தாளாகப் பிலிம் மாட்டும் பெரிய கேமராவுக்கே, பணம் சேர்க்கக் கிளம்பிவிட்டார்கள். எதை எடுக்கப் போகிறீர்கள் தம்பி, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரைவலை இழுப்பதை எடுக்க வேண்டுமென்றால் இது வேண்டவே வேண்டாம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவதை லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்து ஃபோகஸ் செய்து, பிலிம் ஷீட் வைத்த ஹோல்டரைச் செருகி அதன் மூடித் தகட்டை உருவுவதற்குள் மீன் ஏலமே முடிந்துவிடும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் மிஞ்சிய தேவாலயச் சுவர் என்றால் கதை வேறு. கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்தினால் போதும், சுவர் சாயாமல் நிமிர்ந்து விழும், பவளக்கல்லின் துளைகூடத் தெரியும். 16x20 அங்குல பிரிண்டுக்கு இந்த நெகட்டிவை நாலு மடங்கு பெரிதாக்கினால் ஆயிற்று, சாதாரண 35 எம்எம் சுருளில் பதினான்கு மடங்குக்கு மேல் போக வேண்டும். பிரிண்டே போடாமல் போனில் மட்டும் பார்ப்பவருக்கு இதெல்லாம் எதற்கு?

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தி, அதாவது பெல்லோஸ், பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். முன்னும் பின்னும் தெளிவாக விழ லென்ஸின் துவாரத்தை எஃப் 22, எஃப் 32 என்று சுருக்க வேண்டும், சுருக்கினால் ஷட்டர் நேரம் நீளும், நீண்டால் படம் ஆடும். ட்ரைபாடில் மணல் மூட்டை தொங்கவிட்டாலும் பெல்லோஸ் ஆடத்தான் செய்யும். ஷீட்டின் மேல் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது, பிரிண்டில் கறுப்புப் புள்ளி. மாசி, பங்குனிக் காலைகள் தேவலை.

வீட்டில் கழுவுவதாக இருந்தால் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பருக்கு வழக்கமான சூடு 20 டிகிரி. சித்திரையில் நம்ம குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே வராது, மீனுக்கு வாங்கும் ஐஸில் கொஞ்சம் இதற்கும் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருக்கிறதா? சரி, ஹோல்டர் ஒன்றும் வீணாய்ப்போன ஷீட் ஒன்றும் இரவல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகுங்கள், நிஜ ஷீட்டை இருட்டில்தான் மாட்ட வேண்டும். ஷீட்டை நெட்டாகப் பிடித்து, ஓரத்தில் இருக்கும் வெட்டுக்குறி மேலே வலது மூலையில் விரலில் தட்டினால், வெளிச்சம் பட வேண்டிய மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. இந்த வேலையே எரிச்சலாக இருந்தால் பணத்தைத் தொடாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கேமரா விலையோடு ஷீட், ஹோல்டர், கெமிக்கல், ஸ்கேன் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்